துரும்பு கிள்ளும் காட்சி

நான் பார்த்த வேலைகளில் நாடக வேலை மட்டும்தான் தேடிப் போகாமல் வந்து சேர்ந்தது. செங்கல் சூளை, குடகில் காப்பிப் பழம், திருப்பூரில் சாயப்பட்டறை என்று சுற்றிவிட்டு, ஒரு மாசி மாதம் புளி உலுக்குவதற்காக ஜவ்வாது மலை ஏறினேன். மூன்றாம் நாள் மரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு எந்த ஊருக்குப் போனாலும் வேலை கிடைக்காது என்பதால் அங்கேயே இருந்துவிட்டேன். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியது. வேறு நட்டம் இல்லை.

தங்க இடம் கொடுத்தவர் ஒரு தையல்காரப் பெண்ணின் அண்ணன். அவருடைய புளிக் கொட்டகையில் ஒரு மூலை எனக்கு, இன்னொரு மூலை அவள் தையல் மெஷினுக்கு. அவளுக்கு முப்பது வயது இருக்கும். மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள். கோபம் வந்தால் வேகமாக மிதிப்பாள், தையல் நேராக வரும். நிதானமாக இருந்தால்தான் கோணும்.

அவள் பிறந்த ஊரை மேலூர் என்றும், கட்டிக்கொடுத்த ஊரைக் கீழூர் என்றும் வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயரை எழுதினால் இரண்டு ஊரிலும் எனக்குச் சோறு கிடைக்காது. நடுவில் ஒரு ஓடை. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் நாய் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான் தூரம்.

அவள் புருஷன் நான்கு வருடத்துக்கு முன்னால் மிளகு பறிக்கக் கேரளா போனான். அங்கேயே ஒரு பெண்ணோடு குடும்பமாகி இரண்டு பிள்ளைகளும் ஆயிற்று. அவன் அதை மறைக்கவில்லை. 'என்னைத் தீத்து வுட்டுடுங்க' என்று, கல்யாணத்தை முறித்துவிடச் சொல்லி, வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டான். இவளும் அதையேதான் கேட்டாள். இரண்டு வீட்டாருக்கும் சம்மதம். ஆனாலும் மூன்று வருடமாக வழக்கு தீரவில்லை.

காரணம் முறை. ஒரு ஜோடியைத் தீர்த்துவிட வேண்டுமானால் இரண்டு ஊர் நாட்டாமைகளும் ஒரே கம்பளியில் உட்கார வேண்டும். ஊர் பார்க்க, சாமை வைக்கோலில் ஒரு துரும்பை எடுத்து ஆளுக்கு ஒரு முனை பிடித்துக் கிள்ளிப் போட வேண்டும். அதுவரை அவள் கீழூர்ப் பெண்தான். மேலூரில் அவள் பெயரில் ஒரு குடிசை போட முடியாது, அப்பன் விட்டுப்போன கொல்லையில் ஒரு சாலுகூட ஓட்ட முடியாது. அண்ணன் வீட்டில் நான்கு வருட விருந்தாளி.

இரண்டு நாட்டாமைகளும் ஒரே கம்பளியில் உட்காரத் தயாராக இல்லை. ஏதோ ஒரு கருமாதியில் வெற்றிலைத் தட்டை ஒருவருக்கு முதலில் நீட்டி, மற்றவருக்கு அப்புறம் நீட்டிவிட்டார்களாம். அதிலிருந்து பேச்சு இல்லை.

மேலூர் நாட்டாமை சொல்வார்: "அவன் வரட்டும். என் வூட்டு வாசல்லயே கம்பளி போட்டுத் தர்றேன். உக்காரட்டும்."

அதைப் போய்ச் சொன்னால் கீழூர் நாட்டாமை சொல்வார்: "ஏர்றது சுளுவா, எறங்கறது சுளுவா? நீயே சொல்லு மருமவளே. அவன எறங்கி வரச் சொல்லு."

இப்படி ஏறி இறங்கியே அவளுக்கு மூன்று வருடம் போயிற்று.

"சண்ட போட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்ண்ணா," என்றாள் என்னிடம். "அடிதடின்னா ஓடி வந்து உக்காருவாங்க. சண்டையே இல்லாத வழக்கு பாரு, எவனுக்கும் அவசரம் இல்ல."

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஓடைக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஐப்பசிக் கடைசியில் குழந்தைகள் தின விழா வந்தது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த தலைமையாசிரியர், விவரம் தெரியாமல் இரண்டு நாட்டாமைகளையும் ஒரு மாதத்துக்கு முன்பே சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார். பேரப் பிள்ளைகள் ஆடுகிற விழாவுக்கு எப்படி வர மாட்டேன் என்பது? இருவரும் சரி என்றார்கள்.

செய்தி கேட்ட அன்று அவள் மெஷினை நிறுத்திவிட்டாள். மறுநாளே தலைமையாசிரியரிடம் போய், பெரியவர்கள் சார்பில் அரை மணி நேரம் ஒரு நாடகம் போடுகிறோம் என்று கேட்டு வாங்கி வந்தாள். அப்போது நாடகமும் இல்லை, போடுவதற்கு ஆட்களும் இல்லை.

ஆட்கள் நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம். கதை, இயக்கம், உடை, கதாநாயகி எல்லாம் அவள். மேடை போடுவதும், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பதும் நான். விளக்குக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிற டிரைவர். நெல்லிவாசல்நாட்டிலிருந்து தினம் நான்கு நடை அடிப்பவன். அவளை 'டைலரம்மா' என்று கூப்பிடுவான். கூப்பிடும்போது தொண்டையைச் செருமிக்கொள்வான். அவன் எதற்குக் கிழியாத சட்டையைத் தைக்கக் கொண்டு வருகிறான் என்பது மலைக்கே தெரியும். இசைக்குப் படவேட்டிலிருந்து ஒரு கீபோர்டுக்காரர். கோயில் திருவிழாக் கச்சேரிகளில் வாசிக்கிறவர். டிரைவரின் சிநேகிதம். மலைப் பனி பட்டால் கீபோர்டு கெட்டுவிடும் என்று அதைப் பிறந்த பிள்ளையைப் போலத் துணியில் சுற்றியே வைத்திருந்தார். ஒத்திகையில் பாதி நேரம் வாயாலேயே வாசித்தார். மேலூர் நாட்டாமையாக நடிப்பதும் அவரேதான்.

மாமியார் வேஷத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும், கீழூர் நாட்டாமை வேஷத்துக்கு இன்னொருவரும் சேர்ந்தார்கள். கீழூர்க்காரர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர். புருஷனுக்குப் பங்காளி முறை. மேடை ஏறுகிறவர்களில் துரும்பு கிள்ளுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஏனென்றால் வழக்குக்காரியைத் தவிர மற்ற பெண்கள் கம்பளி போட்ட இடத்திலிருந்து ரொம்ப தூரம் தள்ளி நிற்க வேண்டும். அவள் பிறந்ததிலிருந்து எத்தனையோ வழக்குகள் பார்த்திருக்கிறாள், ஆனால் பார்த்ததெல்லாம் ஆண்களின் முதுகுதான். நானும் கீபோர்டுக்காரரும் மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டு ஆட்கள், முதுகுகூடப் பார்த்ததில்லை.

முதல் நாளே அவள் திட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"விருந்தாளிங்களுக்கு நாற்காலி போடக்கூடாது. முன்னால ஒரே கம்பளியா விரிச்சிட்டு, மரியாதைக்குப் போட்டோம்னு சொல்லிடணும். நாடகம் முடிஞ்சதும் நான் முன்னால வந்து துரும்ப நீட்டுவேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் எழுந்து போவாம இருக்கணும். அதான் உங்க வேல. நடிப்பு கிடிப்பெல்லாம் அப்பால."

"அப்போ நாடகம் எதுக்கு டைலரம்மா?" என்றான் டிரைவர்.

"சும்மா உக்காருன்னா உக்காருவாங்களா? நீ சும்மா உக்காருன்னா உக்காருவியா?"

"நீங்க சொன்னா உக்காருவேன்," என்று அவன் செருமினான். கீபோர்டுக்காரர் வாயால் ஒரு கல்யாண மேளம் வாசித்தார்.

கதை அவள் கதையேதான். மாற்றம் ஒன்றே ஒன்று, நாடகத்தில் புருஷன் துபாய்க்குப் போயிருந்தான். கேரளா என்று போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

ஒத்திகை கொட்டகையில் நடந்தது. எவ்வளவு நேரம் என்பதை வாசலில் நிற்கிற ஜீப் முடிவு செய்தது. பதினான்கு பேர் சேராமல் ஷேர் ஜீப் கிளம்பாது. முதல் ஆள் வந்து உட்கார்ந்ததும் நாங்கள் ஆரம்பிப்போம், பதினான்காவது ஆள் ஏறியதும் டிரைவர் ஓடிவிடுவான். சந்தை நாட்களில் பத்து நிமிடத்தில் ஜீப் நிறைந்து, கதாநாயகி அழ ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிடும். கூட்டமில்லாத நாட்களில் முழு நாடகமும் இரண்டு தடவை போகும், அவள் இரண்டு தடவையும் அழ வேண்டும். ஜீப்பில் காத்திருக்கிறவர்கள்தான் எங்கள் முதல் பார்வையாளர்கள். யாரும் சும்மா பார்க்கவில்லை. "அந்த ஆளு இன்னாத்துக்கு முதுவக் காட்டிக்கினு நிக்கறான்?" என்பார்கள். "இந்த மாமியாரு பத்தாது, இன்னும் கொஞ்சம் கொடுமப்படுத்தணும்," என்பார்கள். ஒரு கிழவர் கலசப்பாக்கத்துக்குப் போக வந்தவர், கதை முடிவு தெரியாமல் போக மாட்டேன் என்று அடுத்த நடைக்குத் தங்கிவிட்டார்.

என் வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. நான் ஏழாவது பாதியில் நின்றவன். அச்சு எழுத்தென்றால் படித்துவிடுவேன், கையெழுத்தென்றால் ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் போக வேண்டும். அவள் நாடகத்தை எழுதியிருந்தது அளவு நோட்டில். ஒரு வரி வசனம் இருக்கும், அதற்குக் கீழே யாருடைய ரவிக்கை அளவாவது இருக்கும், அதற்குக் கீழே மறுபடியும் வசனம். எடைக்காரருக்கு ஒரு வார்த்தையும் மனதில் நிற்காது. காதில் விழுந்ததைக் கேள்வி கேட்காமல் சொல்லுவார். ரேஷன் கடை பழக்கம்.

ஒரு நாள் நான் எழுத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொடுக்க, அவர் கம்பளியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று சொன்னார்: "ஊர் சனங்களே, இந்தப் பொண்ணு கேக்கறது ஞாயமா இல்லையா? இடுப்பு முப்பத்தாறு, கை ஒம்போது. பதில் சொல்லுங்க!"

ஜீப்பில் ஒரே சிரிப்பு. பின் சீட்டிலிருந்த ஒரு பெண் மட்டும் இறங்கி வந்தாள். "அது என் அளவு! ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்றியாய்யா நீ?"

"நாடகத்துக்குப் படிச்சதும்மா," என்றேன்.

"என் இடுப்பு எதுக்குய்யா நாடகத்துக்கு?"

அன்று மாலை தையல்காரப் பெண் துணியில் கோடு போடுகிற சாக்குக் கட்டியை எடுத்து, வசனங்களைச் சுற்றி மட்டும் கட்டம் போட்டுக் கொடுத்தாள். "கட்டத்துக்கு வெளிய போவாதண்ணா. போனா உதைப்பாங்க."

விழா நாள் வந்தது. நான் மதியமே போய் நான்கு மூங்கில் நட்டு, அவள் தைத்த திரையைக் கட்டினேன். மீந்த துணிகளை ஒட்டுப்போட்டது. ஊரில் பாதிப் பேருடைய சட்டை அதில் இருந்தது. முன்னால் கம்பளி விரிக்கப் போனால், தலைமையாசிரியர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறார்.

"சார், பெரியவங்க கம்பளிலதான் உக்காருவாங்க," என்றேன்.

"சேச்சே, விருந்தினர்களைத் தரையில் உட்கார வைப்பதா?" என்று போட்டுவிட்டார்.

நாட்டாமைகள் வந்தார்கள். ஒரு நாற்காலிக்குக் கை இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. இருவரும் நின்றார்கள். விஷயம் புரிந்து தலைமையாசிரியர் ஓடிப்போய் இரண்டு மர முக்காலிகளைக் கொண்டுவந்தார். மேலூர் நாட்டாமை தன் முக்காலியை எடுத்து இந்தக் கோடியில் போட்டுக்கொண்டார், கீழூர் நாட்டாமை அந்தக் கோடியில். நடுவில் ஒரு டிராக்டர் போகலாம். நான் கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தேன்.

"இன்னாண்ணா, போச்சா?" என்றான் டிரைவர்.

"போச்சு."

அவள் கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு அடுத்த கண்ணுக்கும் போட்டாள்.

"கம்பளிய மேடைல விரி. நாடகத்துக்காவது ஆவும்," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே எடத்துல கீறாங்கல்ல. மூணு வருஷத்துல இதான் மொத தபா. நான் முக்காலிலயே வெச்சிக் கேட்டுப் பாக்கறேன்."

முக்காலியில் வைத்துத் துரும்பு கிள்ள மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அடுத்த இடி எடைக்காரர். திரையின் ஓட்டை வழியாக முன்வரிசையைப் பார்த்தவர் அப்படியே பின்வாங்கினார். கீழூர் நாட்டாமை அவருக்குப் பெரியப்பா. பெரியப்பா மாதிரி நடக்கவும் பேசவும் அவர் ஒரு மாதமாகப் பழகியிருந்தார். பெரியப்பா முன்னாலேயே அதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பது அந்த நிமிடம் வரை அவருக்குத் தோன்றவில்லை.

"வவுறு கலக்குது," என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடினார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ண்ணா, நீ கீழூர் நாட்டாமை." கீபோர்டுக்காரரைப் பார்த்தாள். "நீங்க ஏற்கெனவே மேலூர் நாட்டாமை. அதயாவது மறக்காதீங்க." அப்படியானால் வசனம் யார் எடுத்துக்கொடுப்பது என்று கேட்டேன். "எடுத்துக் குடுத்தா மட்டும்?" என்றாள்.

பிள்ளைகளின் ஆட்டம் முடிந்தபோது மணி நான்கு. அந்த நேரத்தில் பனி இறங்கியது. மலையில் அது சொல்லிவிட்டு வருவதில்லை. பள்ளிக்கூடத்து ஓடு மறைந்தது, அப்புறம் கொடிக்கம்பம், அப்புறம் முன்வரிசை. கரண்டும் போயிற்று. டிரைவர் ஜீப்பை மைதானத்துக்குள் ஓட்டிவந்து மேடையைப் பார்க்க நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஹெட்லைட்டைப் போட்டான். அவன் ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்த ஒளியமைப்பு இதுதான். சோகமென்றால் டிம், கோபமென்றால் பிரைட், கதாநாயகியின் மனம் துடித்தால் இண்டிகேட்டர்.

பனியில் பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். சனங்களுக்கு எங்கள் நிழல் மட்டும் யானை அளவுக்குத் தெரிந்திருக்கிறது. "டிம்மு போடுறா!" என்று கத்தினார்கள். அவன் டிம் போட்டால் அவளுக்குக் கோபக் காட்சி. பிரைட் போட்டான். மறுபடி கத்தினார்கள். மாமியாரைத் திட்டுகிற வசனம் முழுவதும் வெள்ளையும் மஞ்சளுமாக மாறி மாறி வந்தது. கீபோர்டைத் துணியிலிருந்து பிரிக்க மாட்டேன் என்று கீபோர்டுக்காரர் சொல்லிவிட்டதால் இசையும் இல்லை, ஜீப் எஞ்சின் சத்தம்தான். ஆனாலும் ஆள் எழுந்து போகவில்லை. பனியில் எங்கே போவது?

துரும்பு கிள்ளும் காட்சி வந்தது. நானும் கீபோர்டுக்காரரும் கம்பளியில் உட்கார்ந்தோம். அவள் எதிரே நின்றாள். நான் மடியிலிருந்து துரும்பை எடுத்து ஒரு முனையைப் பிடித்தேன்.

முன்வரிசையின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "எடது கையில புடிக்கறான் பாரு."

என் இடது கை கோணல், ஆனால் பிடி பலம் அதில்தான். சட்டென்று வலது கைக்கு மாற்றினேன்.

இந்தக் கோடியிலிருந்து இன்னொரு குரல். "வேர் முனைய கீழூரான்தான் புடிக்கணும். இவன் நுனியப் புடிச்சிக்கினு கீறான்."

"புடிக்கத் தெரியாதவன எல்லாம் நாட்டாமையாக்கினா அப்படித்தான்," என்றது அந்தக் கோடி.

இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இருவரும் பனியோடு பேசினார்கள். நான் துரும்பைத் திருப்பிப் பிடித்தேன். கீபோர்டுக்காரர் தன் முனையை இரண்டு விரலுக்கு நடுவில் பீடி மாதிரி பிடித்திருந்தார். பதற்றத்தில் வசனம் வருவதற்கு முன்னாலேயே இழுத்துவிட்டார். பிடி நழுவித் துரும்பு என் பக்கம் முழுசாக வந்துவிட்டது.

"அட, கேள்வியே கேக்கலயே!" என்று கீழூர் நாட்டாமை எழுந்தேவிட்டார். "பிள்ளைங்க பாக்கற எடத்துல இன்னாடா இது கூத்து? இதப் பாத்து நாளைக்கு இதான் மொறன்னுவான்!" தடியை ஊன்றிக்கொண்டு மேடைக்கு வந்தார். அவர் எழுந்துவிட்டார் என்பதற்காகவே மேலூர் நாட்டாமையும் எழுந்து வந்தார்.

"எழுந்திருங்கடா ரெண்டு பேரும்."

எழுந்தோம். அவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரே கம்பளியில், முழங்கால் முழங்காலோடு முட்ட.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்த துரும்பை வாங்கி அவர்களிடம் நீட்டினாள்.

"பொண்ணு கெழக்கப் பாத்து நிக்கணும்," என்றார் மேலூர் நாட்டாமை. அவள் திரும்பி நின்றாள். "ஆம்பள தரப்புல ஒரு பங்காளி வேணும். எங்க?"

"எடைக்காரன் இங்கதான இருந்தான்?" என்றார் கீழூர் நாட்டாமை. ஆட்கள் போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து எடைக்காரரை இழுத்து வந்தார்கள். அவர் நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்து வந்தார். பெரியப்பா மேடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மறுபடி வயிற்றைப் பிடித்தார். "நில்றா அப்படி," என்று பெரியப்பா சொன்னதும் நின்றார்.

கீழூர் நாட்டாமை தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஊருக்கே முறையைக் காட்டுகிற குரலில் கேட்டார். "உன் புருஷன் எங்க போனான்?"

நாடகத்தில் இதற்குப் பதில் துபாய்.

"கேரளாவுக்கு," என்றாள் அவள்.

"எத்தினி வருஷம்?"

"நாலு வருஷமுங்க மாமா."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாட்டாமைகள் இருவருக்கும் அது காதில் விழவில்லை. துரும்பின் வேரும் நுனியும் சரியாக இருக்கிறதா என்பதிலேயே இருந்தார்கள்.

"அவன் வேணுமா, வேணாமா?"

"வேணாங்க."

"பங்காளி, உங்க தரப்புல?"

எடைக்காரர் என்னைப் பார்த்தார், எடுத்துக்கொடுப்பேன் என்று. நான் சும்மா நின்றேன். "அவனும் வேணான்னுதான் மெசேஜ் போட்டான் பெரியப்பா," என்றார். அந்த நாடகத்தில் அவர் சொந்தமாகச் சொன்ன ஒரே வரி அது.

நாட்டாமைகள் துரும்பைக் கிள்ளினார்கள். நடுவில் சரியாக, டப்பென்று. ஆளுக்கு ஒரு பாதியைத் தோளுக்குப் பின்னால் எறிந்தார்கள். ஒன்று தலைமையாசிரியரின் சட்டைப் பையில் விழுந்தது. பனிக்குள்ளிருந்து இரண்டு ஊர்க் குரலும் பழக்கத்தில் ஒன்றாக வந்தது: "தீந்துது!"

ஜீப்பில் இருந்த டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. நிழல்கள்தான் தெரிந்தன. கதாநாயகி கண்ணைத் துடைப்பது மட்டும் தெரிந்ததால் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டான்.

"எவன்டா அவன் லைட்ட சிமிட்டறது!" என்றார் மேலூர் நாட்டாமை. அணைத்துவிட்டான்.

"இதான் மொற," என்று கீழூர் நாட்டாமை தடியை எடுத்தார். "இனிமே நாடகம் போட்றதுன்னா கேட்டுப் போடுங்க."

அவள் நகரவில்லை. "மாமா, பெரியப்பா, ஒரு நிமிஷம் உக்காருங்க. இப்போ கிள்ளுனது என் துரும்புதானுங்களே?"

இருவரும் கம்பளியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள்.

"நாடகம்னு சொன்ன," என்றார் மேலூர் நாட்டாமை.

"அவங்க கிள்ளுனது நாடகம் பெரியப்பா." எங்களைக் காட்டினாள். "அது தப்புன்னு நீங்கதான் எழுந்து வந்தீங்க. நீங்க கிள்ளுனதுல தப்பு இருந்துதா?"

"எங்க மேல தப்பு சொல்றியா நீ?"

"தப்பே இல்லன்றேன். கேரளான்னுதான் சொன்னேன், நாலு வருஷம்னுதான் சொன்னேன். ஒண்ணாவது பொய்யா மாமா? பொய்யின்னா சொல்லுங்க, மறுபடியும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடக்கறேன்."

இந்த வரி ஒத்திகையில் வந்ததில்லை.

நாட்டாமைகள் தலையைக் குனிந்து பேசிக்கொண்டார்கள். வெற்றிலைத் தட்டுக்குப் பிறகு முதல் பேச்சு. நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"செல்லாதுன்னு சொல்லலாமா?" என்றார் மேலூர் நாட்டாமை.

"இன்னான்னு சொல்லுவ? எது மொற தப்புன்னு சொல்லுவ?"

"எதுவும் தப்பில்லையே. எல்லாம் சரியாத்தான் பண்ணோம்."

"செல்லாதுன்னா அப்போ நம்ப ரெண்டு பேருக்கும் கிள்ளத் தெரிலன்னு ஆயிடும். அதுவும் இந்தக் கீழ்நாட்டுக்காரனுங்க முன்னால."

கீழூர் நாட்டாமை என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வாழ்க்கையில் ஒரு இடத்துக்கு நான் பிரயோசனமாக இருந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். பிறகு அவர் தடியைத் தரையில் தட்டினார்.

"மொறப்படி நடந்துதா இல்லையா?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

"நடந்துது!" என்றார்கள்.

"அப்போ தீந்துது. போம்மா. இனிமே நீ மேலூர்ப் பொண்ணு." எழுந்திருக்க மேலூர் நாட்டாமை கை கொடுத்தார். இவர் அந்தக் கையைப் பிடிக்காமல் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மாமியாராக நடித்த பெண் மேடையிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமியார் எதற்கு அழுகிறாள் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். தலைமையாசிரியர் மைக்கை எடுத்து, கரண்ட் இல்லாத மைக்கில், பெண்கள் முன்னேற்றம் பற்றிய சிறந்த நாடகம் என்று நன்றி சொன்னார்.

சனம் கலைந்தது. நான் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் திரையை மடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, விஷயம் முழுவதையும் எடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, அவள் எதிரே நின்றான். செருமினான்.

"டைலரம்மா. தீந்துதாமே."

"தீந்துது."

"அப்போ எங்க வூட்லருந்து பெரியவங்கள வரச் சொல்லவா?"

அவள் திரையின் கடைசி மடிப்பையும் மடித்தாள். "இரு டிரைவரே. அம்மா வூட்ல பொண்ணா இருந்தேன், அப்பால ஒருத்தன் பொண்டாட்டி. அவன் போயும் நாலு வருஷம் பொண்டாட்டி. மொதல்ல ரெண்டு மாசம் யாருக்கும் பொண்டாட்டியா இல்லாம இருந்து பாக்கறேன். எப்படி கீதுன்னு தெரியணுமில்ல?"

அவன் யோசித்தான். "ரெண்டு மாசம்னா தை," என்று விரலை மடக்கினான்.

"எண்ணாத," என்றாள். "போயி ஆளுங்கள ஏத்து. பதினாலு பேருக்கு மேல நின்னுக்கினு கீறாங்க."